பில் ஒருவர், பணம் ஒருவர், பை ஒருவர்: வேலூர் ஜவுளிக்கடைக்கு எந்த ஏற்பாடு சரிப்படும்?

லாங் பஜார் பக்கம் ஜவுளியும் ரெடிமேடும் வைத்து நன்றாக ஓட்டுகிற கடைக்காரர்கள், சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ இரண்டாவது கடை போடலாம் என்று இறங்கும்போது முதலில் கேட்பது எந்த பில்லிங் சாஃப்ட்வேர் நல்லது என்பதுதான். என்னைக் கேட்டால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. பில் யார் போடுவது, பணம் யார் வாங்குவது, பையை யார் கொடுத்து அனுப்புவது, இதுதான் முதல் கேள்வி. ராத்திரி கடை மூடும்போது இந்த மூன்றையும் யார் ஒத்துப் பார்ப்பது என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் எந்த சாஃப்ட்வேரையும் வைத்து ஓட்டிவிடலாம். இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வருஷக் கடைசியில் ஸ்டாக் இடிக்கத்தான் செய்யும்.

நான் இந்த ஊரில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அடிக்கடி கேட்கிற புகார் ஒன்று இருக்கிறது: "தினமும் கல்லா சரியா இருக்குதுண்ணா, ஆனா மார்ச்ல எண்ணினா சரக்கு குறையுது, இன்னா பண்றது?" கல்லா சரியாக இருந்தும் சரக்கு குறைகிறது என்றால் அந்தக் கடையில் பணம் வரும் வழியில் எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது, அந்த ஓட்டை கல்லாவுக்கு முன்னாலேயே இருக்கிறது என்று அர்த்தம். 8 பேரிலிருந்து 15 பேர் வரை வேலை செய்கிற நடுத்தரக் கடையை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெட்டிக்கடைக்கும் நாலு மாடி ஜவுளி மாளிகைக்கும் கணக்கு வேறு.

இங்கே நடைமுறையில் மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலாளியே கல்லாவில் உட்கார்ந்து பில் புக்கில் எழுதிப் பணம் வாங்குவது ஒன்று. வாசல் பக்கம் ஒரே கவுண்டரில் ஒரு ஆள் கம்ப்யூட்டரில் பில் போட்டு அவரே பணம் வாங்கி அவரே பையிலும் போட்டுக் கொடுப்பது இரண்டு, சூப்பர் மார்க்கெட் மாதிரி. பில் ஒரு இடம், கேஷ் ஒரு இடம், டெலிவரி ஒரு இடம் என்று பிரிப்பது மூன்று. இந்த மூன்றாவது நம் ஊர் பெரிய ஜவுளிக்கடைகளில் ரொம்ப காலமாக இருக்கிற பழக்கம், இன்றைக்கு இளைய முதலாளிகள் இதைப் பழசு என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஒரு சட்டையை மட்டும் பின்தொடர்ந்து பார்ப்போம். விலை 850 ரூபாய். சேல்ஸ்மேன் எடுத்துக் காட்டுகிறார், வாடிக்கையாளர் சரி என்கிறார், பில் விழுகிறது, பணம் வருகிறது, சட்டை வெளியே போகிறது, பணம் பேங்குக்குப் போகிறது, கணக்கில் ஏறுகிறது. இந்த வழியில் 850 ரூபாய் தொலைய எத்தனை இடம் இருக்கிறது பாருங்கள். பில்லே போடாமல் பணம் வாங்கலாம். பில்லில் குறைத்துப் போட்டு முழுசாக வாங்கலாம். இல்லாத தள்ளுபடியைக் காட்டலாம். பில் போட்டு, பணம் வாங்கி, ஆள் போன பிறகு பில்லை கேன்சல் பண்ணலாம். யாரும் கொண்டுவராத சட்டைக்கு ரிட்டர்ன் போட்டுப் பணம் எடுக்கலாம். கடனுக்குக் கொடுத்ததாக எழுதிவிட்டு, வசூலான பிறகும் பாக்கியாகவே வைத்திருக்கலாம். ஒவ்வொரு ஏற்பாடும் இதில் சிலதை அடைக்கும், சிலதைத் திறந்து விடும்.

முதலாளி கல்லா முறையில் முதல் பாதி நன்றாகவே அடைபடும். அவர் பணம், அவர் கண் முன்னால் போகிறது, வருகிற ஆளையும் தெரியும். அவர் இருக்கும்வரை இதைவிடச் செலவு குறைந்த கட்டுப்பாடு கிடையாது. ஆனால் அவருக்கு ஆரணியில் பட்டு எடுக்கப் போகிற நாள் இருக்கிறது, சூரத் பார்ட்டி வருகிற நாள் இருக்கிறது, வீட்டில் விசேஷம் இருக்கிறது. அந்த நாளில் கல்லாவில் உட்காருகிறவர் மச்சானாகவோ பழைய ஆளாகவோ இருப்பார், கையில் அதே பில் புக்தான். இன்னொன்று, சொன்னால் முதலாளிகளுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்: இந்த முறையில் கல்லாவிலிருந்து சீட்டு எழுதாமல் அதிகம் பணம் எடுப்பது முதலாளியேதான். காய்கறிக்கு, பையன் ஃபீஸுக்கு, கோயில் நன்கொடைக்கு, சீட்டுப் பணத்துக்கு. அவர் காசுதான், எடுக்கட்டும். எழுதாமல் எடுத்தால் ராத்திரி குறைவது அவர் எடுத்ததா வேறு யாராவது எடுத்ததா என்று அவருக்கே தெரியாது. இரண்டாவது கடை திறந்ததும் அவர் ஒரே நேரத்தில் இரண்டு கல்லாவில் உட்கார முடியாது, அதனால் அந்தக் கட்டத்தில் இந்த முறை தானாகவே அடிபட்டுவிடுகிறது.

பில் புக்குக்கு இன்னொரு பலவீனம், எண். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, அந்த நிதியாண்டில் அந்த எண் மறுபடி வரக்கூடாது. வெவ்வேறு வரிசைகள் வைத்துக்கொள்ளலாம், அதனால் இரண்டு கடைக்கும் தனித்தனி முன்னெழுத்து கொடுப்பதுதான் சுத்தம். கார்பன் காப்பி புக்கில் நடுவில் ஒரு தாள் கிழிந்திருந்தால் யாரும் கேட்பதில்லை. 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு, வாடிக்கையாளர் ஜிஎஸ்டி பதிவு பெறாதவராக இருந்து பில் கேட்கவில்லை என்றால், தனித்தனி பில் வேண்டாம், நாள் முடிவில் சேர்த்து ஒன்று போட்டால் போதும் என்று சட்டம் சலுகை கொடுக்கிறது. கர்சீப், சாக்ஸ், உள்ளாடை எல்லாம் இந்தச் சலுகையில் போய்விடும். சலுகை இருந்தாலும் நான் அதையும் பில் போடச் சொல்கிறேன், ஏனென்றால் பில் இல்லாமல் பணம் வாங்கும் பழக்கம் கடைக்குள் நுழைவது அந்த 60 ரூபாய் சாமான் வழியாகத்தான்.

சரி, ஒரே கவுண்டர் கம்ப்யூட்டர். வேகம் இருக்கிறது, பார்கோடு அடித்தால் விலை தானாக வருகிறது, எந்த சைஸ் எவ்வளவு மிச்சம் என்று தெரிகிறது. வரி விஷயத்தில் இது பெரிய நிம்மதி. 2025 செப்டம்பர் 22 முதல் ரெடிமேடுக்கு ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்று மாறியது. முன்பு 1,000 ரூபாய் வரை 5, மேலே 12. வரிக்கு முந்தைய விலை 2,700 உள்ள ஒரு செட்டுக்கு பில்லிலேயே 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 2,430 ஆகி 5 சதவீதத்துக்குள் வந்துவிடும், தள்ளுபடி இல்லாமல் விற்றால் 18. ஆடித் தள்ளுபடி கூட்டத்தில் இதைக் கையால் கணக்குப் போட்டு எழுதச் சொல்வது அநியாயம், யாராக இருந்தாலும் தவறும்.

ஆனால் கல்லா சரி, சரக்கு குறைவு என்ற புகார் அதிகம் வருவது இந்த ஏற்பாட்டில்தான். காரணம் கேன்சல். காந்தி ரோடு பக்கம் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் துணி வாங்குகிறார்கள், பணம் கொடுத்து பையை வாங்கிக்கொண்டு லாட்ஜுக்குப் போய்விடுகிறார்கள். பில் அவர்கள் கையில் இருக்கிறது, திரும்பக் கொண்டுவரப் போவதில்லை. கவுண்டரில் இருக்கிறவர் பத்து நிமிஷம் கழித்து அந்த பில்லை கேன்சல் பண்ணி 850 ரூபாயை எடுத்துக்கொண்டால், ராத்திரி ரிப்போர்ட்டில் விற்பனை குறைந்துவிடும், கல்லாவிலும் அதே அளவு குறைந்திருக்கும், இரண்டும் அழகாகப் பொருந்தும். சாஃப்ட்வேர் ஸ்டாக்கில் அந்தச் சட்டை திரும்பி வந்ததாகக் காட்டும், ரேக்கில் இருக்காது. ஒரு நாளைக்கு ஒரு சட்டை என்றால் 26 நாளில் 22,100 ரூபாய். அதை ஒரு டெலிவரி ஆளின் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள்.

பாஸ்வேர்டு போட்டால் போதாதா என்பார்கள். கேன்சலுக்கு முதலாளி பாஸ்வேர்டு வேண்டும் என்று வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பத்து பேர் வரிசையில் நிற்கும்போது முதலாளி அந்த பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொல்லுவார், அதோடு அந்தக் கட்டுப்பாடு முடிந்தது. எடிட் லாக் என்று ஒன்று இருக்கிறது: யார், எப்போது, எதை மாற்றினார் என்று சாஃப்ட்வேரே பதிந்து வைக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளாகப் பதிவானவர்கள் அந்த வசதியுள்ள கணக்கு சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும், அதை அணைத்து வைக்கக் கூடாது. நம் ஊர் கடைகளில் பெரும்பாலானவை தனி உரிமையோ பார்ட்னர்ஷிப்போதான், அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் இயக்கி வையுங்கள், டேலி பிரைம் கணக்கு சாஃப்ட்வேரிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு இருந்தால் மட்டும் போதாது, அதைத் திறந்து படிக்க ஒரு ஆள் வேண்டும்.

மூன்று கவுண்டர் முறையை இப்போது நெருங்கிப் பார்ப்போம், இதன் பலம் ஒரு சின்ன இடத்தில் இருக்கிறது. சேல்ஸ்மேன் துணியோடு பில் கவுண்டருக்கு வருகிறார், பில் இரண்டு காப்பி விழுகிறது, துணி டெலிவரி மேஜைக்குப் போகிறது, வாடிக்கையாளர் பில்லை எடுத்துக்கொண்டு கேஷுக்குப் போகிறார். கேஷியர் பணம் வாங்கி இரண்டு காப்பியிலும் 'பணம் பெற்றோம்' சீல் அடிக்கிறார். டெலிவரி ஆள் சீல் இருக்கிறதா என்று பார்த்து, பீஸ் எண்ணி, பில்லோடு ஒத்துப் பார்த்து, ஒரு காப்பியை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு மற்றதைக் கம்பியில் குத்தி வைக்கிறார். அந்தக் கம்பிதான் முழு ஏற்பாட்டின் உயிர். ராத்திரி அந்தக் காப்பிகளை எண் வாரியாக அடுக்கி, கம்ப்யூட்டரில் இருக்கிற பில் பட்டியலோடு பார்த்தால், கேன்சல் ஆன பில்லுக்கு சீல் அடித்த காப்பி கம்பியில் இருக்கக் கூடாது. இருந்தால் சட்டை வெளியே போயிருக்கிறது, பணம் எங்கே என்ற கேள்வி அன்றைக்கே வந்துவிடும், மார்ச் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பில் போடுகிறவருக்குப் பணம் கையில் வராது, பணம் வாங்குகிறவருக்கு பில்லை மாற்ற லாக்-இன் கிடையாது, சரக்கு கொடுக்கிறவருக்கு இரண்டும் கிடையாது.

இதற்கும் குறைகள் உண்டு. ஆள் செலவு. கூட்ட நாளில் மூன்று இடத்தில் வரிசை, சிலர் பில்லை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று பேரும் சேர்ந்துகொண்டால் எதுவும் நிற்காது, அதனால் டெலிவரி ஆளையும் கேஷியரையும் அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும், ஒரே குடும்பத்து ஆட்களை இரண்டு கவுண்டரிலும் உட்கார வைக்கக் கூடாது. கரண்ட் போனால் கை பில் எழுதுவார்கள், அந்தப் புக்கும் எண் போட்டதாக, முதலாளியிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியதாக இருக்க வேண்டும்.

வாடிக்கையாளரையும் சாட்சியாக்கலாம். 1879இல் அமெரிக்காவில் டேட்டன் நகரத்தில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவர் முதல் கேஷ் ரெஜிஸ்டருக்குக் காப்புரிமை வாங்கியது, தன் கடையில் விற்ற பணம் கல்லாவுக்கு வராமல் போனதைத் தடுக்கத்தான். விற்ற தொகை முகப்பில் எல்லார் கண்ணுக்கும் தெரியும். 'பில் இல்லையென்றால் பணம் தர வேண்டாம்' என்று வாசலில் ஒரு போர்டு, தமிழோடு வங்காளி, தெலுங்கு, இந்தியிலும் வைத்தால் அதே வேலையைச் செய்யும். பேச்சு புரியாத வாடிக்கையாளர் அதிகம் வருகிற ஊரில் இது ரொம்ப அவசியம்.

யுபிஐ வந்த பிறகு பாதிப் பிரச்சினை போய்விட்டது என்று நினைக்கிறார்கள். பணம் நேராக பேங்குக்குப் போகிறது, 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரருக்குக் கட்டணமும் இல்லை, நல்லதுதான். ஆனால் எந்த பேங்குக்குப் போகிறது? மேஜையில் ஒட்டின கியூஆர் மேல் இன்னொரு ஸ்டிக்கரை ஒட்ட ஒரு நிமிஷம் போதும். 'ஸ்கேனர் வேலை செய்யல, என் நம்பருக்கு அனுப்புங்க' என்று சொல்லவும் முடியும். போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிற வாடிக்கையாளரும் உண்டு. ஒட்டின கியூஆர், சவுண்ட் பாக்ஸ், பில்லுக்குப் பில் மாறுகிற கியூஆர் என்று மூன்றையும் ஒப்பிட்டால் கடைசியதுதான் மேல், தொகையும் பில் எண்ணும் அதிலேயே இருக்கும், ராத்திரி ஒத்துப் பார்க்க எளிது. அது முடியாவிட்டால் சவுண்ட் பாக்ஸ் கேஷியர் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும், கியூஆர் வேறெங்கும் ஒட்ட வேண்டாம், காலையில் கடை திறந்ததும் முதலாளி ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கட்டும்.

ராத்திரிக் கணக்கு எந்த ஏற்பாட்டிலும் ஒன்றுதான். ஒரு உதாரணம்: மொத்த பில் 86,400. அதில் யுபிஐ 41,250, கார்டு 12,600, கடன் 6,000. மிச்சம் ரொக்க விற்பனை 26,550. காலையில் வைத்த சில்லறை 3,000, பழைய பாக்கி ரொக்கமாக வசூல் 4,500, ரிட்டர்னுக்குக் கொடுத்தது 1,900, டீ, ஆட்டோ 650. அப்படியென்றால் கல்லாவில் 31,500 இருக்க வேண்டும். கேஷியர் இந்த எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே நோட்டு வாரியாக எண்ணி எழுதிக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் ரிப்போர்ட் எடுக்க வேண்டும். எவ்வளவு இருக்கணும் என்று தெரிந்த பிறகு எண்ணினால் எண்ணிக்கை அதற்கேற்ற மாதிரிதான் வரும். கூடுதலாக இருந்தாலும் எழுத வேண்டும், கூடுதலும் தப்புதான், யாருக்கோ பில் போடாமல் வாங்கியிருக்கலாம். அந்த 650ஐக் கல்லாவிலிருந்து கொடுக்கவே வேண்டாம், தனியாக ஒரு சில்லறைச் செலவு டப்பா வையுங்கள்.

இதில் என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. பல கடைகளில் ராத்திரி குறைந்தால் கேஷியர் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அந்தக் கல்லாவில் முதலாளி கை விட்டிருக்கிறார், அவர் தம்பி சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்திருக்கிறார், சேல்ஸ்மேன் சில்லறை மாற்றியிருக்கிறார். கடைசியில் பழி கேஷியராக உட்காருகிற பொண்ணு மேல். ஒரு டிராயருக்கு ஒரு ஆள், ஆள் மாறினால் எண்ணி ஒப்படைப்பது, இதைச் செய்யாமல் யார் சம்பளத்திலும் கை வைக்கக் கூடாது. கட்டுப்பாடு என்பது திருடனைப் பிடிக்க மட்டும் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நேர்மையான ஆளுக்கு, நான் எடுக்கவில்லை என்று காட்ட அந்த எண்ணின சீட்டைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

கல்யாண ஜவுளிக்கு ஒரு எச்சரிக்கை. 2017 ஏப்ரல் 1 முதல் ஒரே ஆளிடம் ஒரே நாளில், அல்லது ஒரே வியாபாரத்துக்கு, அல்லது ஒரே விசேஷத்தை ஒட்டி 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம். இரண்டு நாளாகப் பிரித்து பில் போட்டாலும் ஒரே கல்யாணம் என்றால் மாட்டிக்கொள்வீர்கள். ரொக்கம் எல்லாம் ஒரே கேஷ் கவுண்டர் வழியாக வருகிற கடையில் இதைத் தடுக்க முடியும். மாடிக்கு ஒரு கல்லா வைத்தால் யாருக்கும் தெரியாமல் தாண்டிவிடும்.

கடன் வியாபாரம் தனிக் கதை. ஸ்கூல் யூனிஃபார்ம், ஹாஸ்டல் பெட்ஷீட் என்று மே, ஜூனில் பெரிய ஆர்டர் போகும், வசூலுக்கு ஒரு ஆள் போவார். மேலே சொன்ன மூன்று கவுண்டரும் இங்கே உதவாது. ஒரு ஸ்கூல் கொடுத்த 10,000ஐ அவர் வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் இன்னொரு ஸ்கூல் கொடுத்ததை முதல் ஸ்கூல் கணக்கில் வரவு வைத்து, இப்படியே உருட்டிக்கொண்டு போகலாம், மாதக்கணக்கில் வெளியே தெரியாது. இதற்கு மருந்து, வசூலுக்குப் போகாத ஒருவர் மாதா மாதம் ஒவ்வொரு பார்ட்டிக்கும் பாக்கி விவரத்தை வாட்ஸ்அப்பில் நேராக அனுப்புவது. 'நாங்க போன மாசமே கட்டிட்டோமே' என்று ஒரு பதில் வந்தால் போதும். பாக்கியைத் தள்ளுபடி பண்ண முதலாளி கையெழுத்து இல்லாமல் முடியக்கூடாது.

அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது? நாலு பேர் வரை இருக்கிற கடையில் முதலாளி கல்லாவே போதும், ஆனால் பில் கம்ப்யூட்டரில் இருக்கட்டும், அவர் எடுக்கிற பணத்துக்குச் சீட்டு இருக்கட்டும். எட்டு பேர் தாண்டினால், இரண்டாவது கடை என்றால் கட்டாயமாக, மூன்றாகப் பிரியுங்கள். ஆள் பற்றாக்குறை என்றால் பில்லையும் டெலிவரியையும் ஒருவரிடம் கொடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் சம்மதம் இல்லை. பில் போடுகிறவரே சரக்கும் கொடுத்தால் வேண்டப்பட்டவருக்கு இரண்டு பீஸுக்கு பில் போட்டு மூன்று பீஸ் போகும். சேர்க்கத்தான் வேண்டும் என்றால் பில்லையும் கேஷையும் சேர்த்து, டெலிவரியையும் அந்தக் கம்பியையும் தனியாக விடுங்கள், கேன்சலும் ரிட்டர்னும் கடையில் இல்லாத ஒருவர் ஓடிபி சொன்னால்தான் நடக்கும்படி வையுங்கள். ஒத்துப் பார்க்கிறவர் கேஷியராக இருக்கக் கூடாது. வீட்டம்மா பார்க்கலாம், கணக்குப்பிள்ளை பார்க்கலாம், இரண்டாவது கடைக்காரர் முதல் கடையையும் முதல் கடைக்காரர் இரண்டாவதையும் பார்த்தால் இன்னும் நல்லது. ஆடிட்டர் வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பது வரிக்கு, இதற்கு அது உதவாது.

மாற்றுவதாக இருந்தால் தீபாவளி மாசத்தில் வேண்டாம், ஏப்ரல் 1 நல்ல நாள், புது பில் வரிசையும் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கும். மார்ச் 31 சாயங்காலம் கடையைச் சீக்கிரம் மூடி, ரேக் ரேக்காக ஒருவர் எண்ண இன்னொருவர் எழுத, முழு ஸ்டாக்கையும் எண்ணி முதலாளியும் எண்ணினவர்களும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கை இல்லாமல் புது ஏற்பாட்டைத் தொடங்கினால், அடுத்த மார்ச்சில் குறைகிறது பழைய குறையா புதுக் குறையா என்று யாராலும் சொல்ல முடியாது.